காற்று இறங்கிய கதவு

தேவசுந்தரத்தின் பேருந்தில் ஏறுகிறவர்கள் அவர் முகத்தைச் சரியாகப் பார்ப்பதற்கு முன்பே அவர் குரலைக் கேட்டுவிடுவார்கள். ஒரு நாளைக்கு ஐந்து நடை. ஒவ்வொரு நடைக்கும் அதே பேச்சு. இங்கிலீஷில் ஒரு தடவை, இந்தியில் ஒரு தடவை, முன்சீட்டில் அரபுக் குடும்பம் இருந்தால் தெரிந்த அரபில் ஒரு தடவை. கண்ணாடியைத் திறக்கக் கூடாது. கையை வெளியே நீட்டக் கூடாது. விசில் அடித்தோ கண்ணாடியைத் தட்டியோ மிருகத்தைக் கூப்பிடக் கூடாது. தின்கிற பொருள் எதையும் எறியக் கூடாது. மிருகம் பக்கத்தில் வந்துவிட்டால் பேச்சை நிறுத்திவிட வேண்டும். வண்டி நின்றுபோனால், எவ்வளவு நேரமானாலும், யாரும் கீழே இறங்கக் கூடாது.

கடைசி விதியைச் சொல்லும்போது யாராவது ஒருவர் சிரிப்பார். தேவசுந்தரம் அந்தச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, அதை இன்னொரு தடவை சொல்லிவிட்டுத்தான் சாவியைத் திருப்புவார்.

துபாயிலிருந்து ஒரு மணி நேர ஓட்டத்தில் இருந்தது அந்தப் பூங்கா. மணல்மேடுகளுக்கு நடுவே குழாய்த் தண்ணீர் பாய்ச்சிப் புல் வளர்த்து, முள்மரங்கள் நட்டு, ஆப்பிரிக்காவில் ஒரு துண்டை வெட்டி எடுத்து வைத்தது போல உண்டாக்கியிருந்தார்கள். ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் காண்டாமிருகமும் ஒரே வெளியில் திரியும். சிங்கங்களுக்கு மட்டும் தனி இடம். அதற்குள் போக அடுத்தடுத்து இரண்டு கேட். முதல் கேட்டைத் தாண்டி வண்டி நின்று, பின்னால் அது முழுதாக மூடிய பிறகே முன்னால் உள்ளது திறக்கும்.

தேவசுந்தரம் குளச்சலுக்குப் பக்கத்துக் கடற்கரைக்காரர். இருபத்திரண்டு வயதில் பஹ்ரைனுக்கு மீன்பிடிக்க வந்தார். மூன்றாம் வருடம் ஒரு நாள், மீன் இல்லாத எரிச்சலில் படகுத் தலைவன் கடல் எல்லையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கலாம் என்றான். திசை காட்டும் கருவியின் திரையில் எல்லைக் கோடு பின்னால் போவதைப் பக்கத்தில் நின்றிருந்த தேவசுந்தரம் பார்த்தார், சொல்ல வேண்டும் என்று நினைத்தார், சொல்லவில்லை. அரை மணி நேரத்தில் ஒரு ரோந்துப் படகு வந்தது. எந்த நாட்டுப் படகு என்று கடைசிவரை அவர்களுக்குத் தெரியவில்லை. சுட்டதில் கூட வேலைசெய்த டெனிஷின் இடது கால் முட்டிக்குக் கீழே போயிற்று. அதற்குப் பிறகு தேவசுந்தரம் கடலுக்குப் போகவில்லை. துபாய்க்கு வந்து, மூன்று தடவை தேர்வில் தோற்று, நான்காவது தடவையில் பஸ் லைசென்ஸ் வாங்கினார். அல் குசைஸிலிருந்து கட்டட சைட்டுகளுக்குத் தொழிலாளர்களை ஏற்றிப்போகும் கேம்ப் பஸ்ஸைப் பத்தொன்பது வருடம் ஓட்டினார். பூங்காவில் சேர்ந்தபோது நாற்பத்தாறு வயது.

சேர்ந்த முதல் வாரம் புது டிரைவர்களுக்கு வகுப்பு எடுத்தவன் ஒட்டியேனோ. கென்யாக்காரன், தேவசுந்தரத்தைவிடப் பத்து வயது இளையவன், தன் நாட்டில் வனக்காவலனாக இருந்து இங்கே சிங்கங்களைப் பராமரிக்க வந்தவன். இங்கிலீஷும் இந்தியும் கலந்து அவன் சொன்னது தேவசுந்தரத்தின் மனதில் ஆணி அடித்தது போல இறங்கியது.

"மூடின வண்டியைச் சிங்கம் ஒரே உடம்பாகத்தான் பார்க்கும்" என்றான் ஒட்டியேனோ. "பெரிய, நாற்றமடிக்கிற, தின்ன முடியாத ஒரு மிருகம். உள்ளே ஆள் இருப்பது அதற்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. ஒரு கை வெளியே நீண்டால் போதும், அந்த உடம்பில் ஒரு துண்டு தனியாகக் கழன்று வரும் என்று அது கற்றுக்கொண்டுவிடும். கற்றுக்கொண்டதை அது மறக்காது."

"மறக்கலேன்னா?"

"எங்கள் ஊரில் அப்படிக் கற்றுக்கொண்ட மிருகத்தைக் கடைசியில் நாங்கள் சுட வேண்டியிருக்கும். தப்பு மனுஷனுடையது. குழி மிருகத்துக்கு."

மூன்று சிங்கங்கள் இருந்தன. ஓர் ஆண், அக்காளும் தங்கையுமாக இரண்டு பெண். மூத்தவளுக்கு ஒட்டியேனோ வைத்த பெயர் மலாய்க்கா. அவன் மொழியில் தேவதை என்று அர்த்தம். அரபியிலும் ஏறக்குறைய அதேதான். பெயரைச் சொன்னதும் அரபுக் குழந்தைகள் கைகொட்டிச் சிரிக்கும். ஐந்து வருடம் மலாய்க்கா அந்தப் பேருந்தை ஏறிட்டும் பார்த்ததில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிழலில் படுத்திருப்பாள். டயர் காலுக்கு இரண்டு அடியில் உருண்டு போனாலும் வாலைக்கூட அசைக்க மாட்டாள்.

ஆறாவது வருடம், ஏப்ரலில், அவள் எழுந்து வந்தாள்.

காலை முதல் நடை. வண்டி தொட்டியைச் சுற்றித் திரும்பியபோது மலாய்க்கா எழுந்து, அவசரம் இல்லாமல் நடந்து, பேருந்தின் இடுப்போடு இடுப்பாகக் கூடவே வந்தாள். பயணிகள் எல்லோரும் போனை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். தேவசுந்தரம் பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்தார். அவள் ஜன்னல்களை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. கதவுக்கு நேராக வந்ததும் நின்றாள். கதவின் இரண்டு மடிப்பும் சேருகிற ரப்பர் விளிம்பில் மூக்கை வைத்து, கீழிருந்து மேலாக முகர்ந்தாள். பிறகு நக்கினாள்.

பயணிகளில் ஒருவன், "சூப்பர்" என்றான். தேவசுந்தரத்துக்கு ஒட்டியேனோவின் வகுப்பு நினைவுக்கு வந்தது.

நடை முடிந்ததும் அவர் நேராகப் போனது மணிகண்டனிடம். மணிகண்டன் தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். தனியாக வரும் பணக்கார விருந்தினர்களைச் சின்ன ஜீப்பில் கூட்டிப்போவது அவன் வேலை. ஷெட்டில் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"லேய் மணி, அவளுக்கு நீ என்னத்தப் போட்டுட்டு இருக்க?"

மணிகண்டன் ஹோஸைக் கீழே போட்டான். "என்ன அண்ணாச்சி திடீர்னு?"

"கேட்டதுக்குச் சொல்லு."

"கோழி, ரெண்டு துண்டு. அவ்வளவுதான். கெஸ்ட்டு பக்கத்துல பாக்கணும்னு வாறாங்க. அது படுத்தே கெடந்தா என்னத்தப் பாக்க? கதவ இம்புட்டுக்காணும் தொறந்து போட்டுட்டு உடனே மூடிருவேன். ரெங்கராஜ் சாரே, ஒன் வண்டிக்குத்தான் நல்ல ரிவ்யூ வருதுன்னு கைகுடுத்தாரு."

"எத்தன நாளா?"

"பிப்ரவரிலேந்து."

"அவ இப்ப எனக்க வண்டிக் கதவ நக்கிட்டு நிக்கா. ஒனக்க ஜீப்பு வேற, எனக்க பஸ்ஸு வேறன்னு அவளுக்கு யாரு சொல்லிக் குடுப்பா?"

மணிகண்டன் ஹோஸை எடுத்துச் சுருட்டினான். அன்றோடு கோழி போடுவதை நிறுத்தினான், அது உண்மை. ஆனால் மலாய்க்கா நிறுத்தவில்லை. கிடைக்காமல் போனது அவளை இன்னும் கெடுத்தது. முன்பு கதவை முகர்ந்துவிட்டுப் போனவள் இப்போது கதவின் முன்னால் உட்கார்ந்து காத்திருக்கத் தொடங்கினாள். ஒரு நாள் முன்காலைத் தூக்கிக் கதவில் வைத்தாள். ஷெட்டுக்குத் திரும்பிய பிறகு ஒட்டியேனோ வந்து பார்த்தான். பெயின்ட்டில் நான்கு கோடுகள், தேவசுந்தரத்தின் நெஞ்சு உயரத்தில். ஒட்டியேனோ அவற்றின் மேல் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, போய் அறிக்கை எழுதினான்.

தேவசுந்தரத்தின் கவலைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அந்தக் கதவு காற்றழுத்தத்தில் வேலைசெய்வது. இஞ்சின் ஓடும்போது டாங்கில் காற்று நிறையும்; அந்தக் காற்றுதான் கதவை இறுக்கிப் பிடிக்கும். அந்த வண்டியில் ஒரு வால்வு பழுதாகிக் காற்று கசிந்துகொண்டிருந்தது. இஞ்சினை நிறுத்தினால் இருபது நிமிடத்தில் காற்றழுத்தத்தைக் காட்டும் முள் சிவப்புக்கு இறங்கிவிடும். பிறகு கதவை யார் தள்ளினாலும் உள்பக்கமாக மடிந்துகொள்ளும்.

மேலாளர் ரெங்கராஜிடம் போனார். கும்பகோணத்துக்காரர்; கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது; எல்லாவற்றையும் நாளைக்குத் தள்ளிவைக்கிறவர்.

"ஒக்காருங்க தேவசுந்தரம். ஒட்டியேனோ ரிப்போர்ட்டையும் பார்த்தேன். மணிகிட்ட பேசிட்டேன். கதவுக்கு உள்பக்கம் போல்ட் கேக்கறீங்க. அது எமர்ஜென்சி எக்ஸிட். போல்ட் அடிச்சா இன்ஸ்பெக்‌ஷன்ல வண்டி நின்னுடும்."

"அப்போ அந்தக் காத்து லீக்கையாவது சரியாக்கித் தாங்க சார்."

"இன்னும் பத்து நாள்தான். சம்மருக்கு மூடிடுவோம். எல்லா வண்டியும் வொர்க்‌ஷாப்புக்குப் போயிடும். இஞ்சின் நின்னாத்தானே கதவுக்குப் பிரச்சன? உங்க வண்டி இதுவரைக்கும் நடுவுல நின்னிருக்கா?"

"இல்ல சார்."

"பின்ன என்ன."

அன்று முதல் தேவசுந்தரம் தன் சீட்டுக்கு அடியில் இரண்டு பெட்டி தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். தன்னால் முடிந்தது அவ்வளவுதான் என்று மனைவி தங்கபுஷ்பத்திடம் போனில் சொன்னார். "ஒங்களுக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே? கொரலு ஒருமாதிரி இருக்கு" என்று அவள் கேட்டாள். வெயில் என்று சொல்லிச் சமாளித்தார்.

மே மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, பதினொன்றரை நடை. பதினெட்டுப் பேர். பிலிப்பைன்ஸ் பெண்கள் நான்கு பேர், மூன்று குழந்தைகளோடு ஒரு பாகிஸ்தானிக் குடும்பம், ஓர் அரபு அப்பாவும் இரண்டு மகள்களும், வயதான ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, கடைசி வரிசையில் இரண்டு வங்காள இளைஞர்கள். முன்சீட்டில் ஒரு தமிழ்த் தம்பதி, அல் குசைஸிலிருந்து. கணவன் அன்பரசன் ஒரு கம்பெனியில் கணினி வேலை. மனைவி சந்தியாவுக்கு ஏழு மாதம். தேவசுந்தரம் தமிழிலும் ஒரு தடவை விதிகளைச் சொன்னார். வண்டி நின்றால் இறங்கக் கூடாது என்றபோது அன்பரசன் சிரித்தான். "எங்க அண்ணே எறங்கறது, வெளிய நாப்பத்திநாலு டிகிரி."

இரண்டாவது கேட்டைத் தாண்டி இருநூறு அடி போயிருப்பார்கள். கீழே ஏதோ பட்டென்று அறுந்தது. பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது. ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. வண்டி தானாக வேகத்தைக் குறைத்து, தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே நின்றது. இஞ்சினும் ஏசியும் நின்றதும் பேருந்துக்குள் திடீரென்று எல்லோருடைய மூச்சும் கேட்டது.

தேவசுந்தரம் ரேடியோவில் சொன்னார். வழிமுறை அவருக்குத் தெரியும். சைரன் அடித்து, கறி காட்டி, மூன்று சிங்கங்களையும் கூண்டு வீட்டுக்குள் அழைத்து அடைப்பார்கள். மூன்றும் உள்ளே போன பிறகே இழுவை வண்டிக்குக் கேட் திறக்கும். பதினைந்து நிமிடம் என்றார்கள்.

சைரன் கேட்டது. ஆண்சிங்கம் எழுந்து போயிற்று. தங்கை பின்னாலேயே போனாள். மலாய்க்கா எழுந்து நின்று அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு பேருந்தை நோக்கித் திரும்பினாள்.

தேவசுந்தரம் காற்று முள்ளைப் பார்த்தார். பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது.

எழுந்து நின்று, குரலைத் தாழ்த்தி, தெரிந்த எல்லா மொழியிலும் பேசினார். தண்ணீரை எல்லோருக்கும் கொடுக்கச் சொன்னார். கூரையிலுள்ள மூடியை இரண்டு விரல் அளவு மட்டும் தூக்கிவிட்டு, சந்தியாவை அதற்கு நேர் கீழே உட்கார வைத்தார். ஆண்களிடம் இடுப்பு பெல்ட்டைக் கேட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அரபு அப்பா தன் தலையிலிருந்த கறுப்புக் கயிற்றைக் கழற்றி நீட்டினார். பெல்ட் போதும் என்று தேவசுந்தரம் அதைத் திருப்பிக் கொடுத்தார். கதவின் இரண்டு மடிப்பிலும் உள்ள கைப்பிடிகளை மூன்று பெல்ட்டுகளால் சேர்த்து இறுக்கிக் கட்டினார். அன்பரசன் முடிச்சைப் பிடித்துக் கொடுத்தான்.

"இது தாங்குமாண்ணே?"

"கொஞ்ச நேரம் தாங்கும்."

பிறகு தேவசுந்தரம் படிக்கட்டில் உட்கார்ந்து, முதுகைக் கதவில் சாய்த்து, இரண்டு காலையும் எதிரேயிருந்த இரும்புத் தூணில் முட்டுக் கொடுத்தார். அந்த நிலையில் அவருக்கு வெளியே என்ன நடக்கிறது என்று தெரியாது. பயணிகளின் முகங்கள்தான் தெரிந்தன. அந்த முகங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பிக் கதவுப் பக்கம் கீழே பார்த்து நின்றபோது, அவள் வந்துவிட்டாள் என்று தெரிந்துகொண்டார்.

முதலில் நக்கும் சத்தம். சாக்குத் துணியைத் தரையில் தேய்ப்பது போல, ரப்பரின் மேல், அவருடைய இடுப்புக்கு அருகில். பிறகு மூச்சு. பச்சைக் கறி வாடையோடு சூடான காற்று விளிம்பு வழியாக உள்ளே வந்து அவர் சட்டையை நனைத்தது. உஸ் என்ற மெல்லிய ஓசையோடு கதவில் மிச்சமிருந்த காற்றும் இறங்கியது. முதுகுக்குப் பின்னால் கதவு தளர்ந்தது.

அவள் தள்ளினாள். வேகமாக இல்லை. பூனை ஒரு கதவைத் திறக்கப் பார்ப்பது போல, தலையால். பெல்ட்டுகள் இழுபட்டு முனகின. தேவசுந்தரம் கால்களை நீட்டித் திருப்பித் தள்ளினார். அவள் விட்டாள். அவரும் மூச்சு விட்டார். மறுபடி தள்ளினாள். இப்படியே நேரம் போயிற்று. உள்ளே சூடு ஏறிக்கொண்டே இருந்தது. பாகிஸ்தானித் தாய் கடைசிக் குழந்தையின் வாயைத் தன் மார்போடு அழுத்திப் பிடித்திருந்தாள். வெள்ளைக்காரக் கிழவர் ஈரக் கைக்குட்டையால் மனைவியின் முகத்தைத் துடைத்தபடி இருந்தார். சந்தியா ஒரு கையை வயிற்றில் வைத்து, மறு கையால் போனில் எதையோ அவ்வப்போது தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு அந்தக் கை தொங்கிப்போனது.

"சந்தியா. ஏய் சந்தியா." அன்பரசன் எழுந்து ஜன்னலின் மேல்கண்ணாடிக் கொக்கியில் கையை வைத்தான்.

"தம்பி, அதத் தொடாத."

"செத்துருவாண்ணே. ஒரு ரெண்டு இஞ்ச் தொறக்கறேன். அது அந்தப் பக்கம்தான நிக்குது."

"அவ இப்ப இந்தக் கதவு ஒண்ணத்தான் பாத்துட்டு நிக்கா. நீ அங்க ஒண்ணு திறந்தா அங்க வருவா. அது கண்ணாடி. இஞ்ச நான் இருக்கேன். அங்க யாரு இருக்கா?"

அன்பரசனின் கை கொக்கியிலேயே இருந்தது. சந்தியா கண்ணைத் திறக்காமல் அவன் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். "வேணாங்க. தண்ணி ஊத்துங்க. தலையில." அவன் கையை எடுத்தான். வங்காள இளைஞர்களில் ஒருவன் பாட்டிலோடு ஓடி வந்தான்.

அந்த நேரத்தில்தான் மலாய்க்கா காலை உபயோகித்தாள். கதவின் அடிப்பக்கம் ஒரு கை அளவு உள்ளே வளைந்தது. இடைவெளி வழியாக முன்கால் வந்து, தேடி, தேவசுந்தரத்தின் இடது தோள்பட்டைக்குக் கீழே பிடித்தது. அவர் கத்தவில்லை. கத்தினால் குழந்தைகள் கத்தும். கத்தினால் அவள் விடமாட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு முழு எடையையும் கதவின்மேல் சாய்த்தார். சட்டை கிழிந்து, அதற்குக் கீழே உள்ளதும் கிழிந்தது. அரபு அப்பா மகள்களை விட்டுவிட்டுப் படிக்கு இறங்கி வந்து, அவர் மார்பில் தன் இரண்டு கைகளையும் வைத்துக் கதவை நோக்கி அழுத்தினார். அவருக்குப் பின்னால் அன்பரசனும் வந்து அழுத்தினான்.

எவ்வளவு நேரம் என்று தேவசுந்தரத்துக்குத் தெரியாது. ஒரு ஜீப்பின் உறுமல் கேட்டது. கம்பி அடித்த தன் ஜீப்பை ஒட்டியேனோ பேருந்தின் பக்கவாட்டில் உரசிக்கொண்டே ஓட்டிவந்து கதவுக்கு நேராக நிறுத்தினான். தகரம் கிழிகிற சத்தத்தில் மலாய்க்கா காலை உருவிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி உட்கார்ந்தாள். மயக்க ஊசித் துப்பாக்கியோடு மிருக வைத்தியர் வந்து சேர இன்னும் பத்து நிமிடம் ஆனது. அதுவரை ஒட்டியேனோ ஜீப்பை அசைக்கவில்லை.

பதினெட்டுப் பேரும் நடந்து வெளியேறினார்கள், சந்தியாவைத் தவிர. அவளை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து, குழந்தைக்கு ஒன்றும் இல்லை என்று அனுப்பினார்கள். தேவசுந்தரத்துக்கு முப்பத்தொரு தையல். இடது கை பழையபடி மேலே தூக்க வராது என்று டாக்டர் சொன்னார்.

ஆறாம் நாள் ரெங்கராஜ் தேவசுந்தரம் தங்கியிருந்த கேம்ப் ரூமுக்கு வந்தார். கையில் டைப் அடித்த ஒரு காகிதம்.

"கையெழுத்து மட்டும் போடுங்க தேவசுந்தரம். நடந்ததுதான் எழுதியிருக்கு. ஒரு பயணி ஜன்னலைத் திறக்கப் பார்த்தார். அதனால மிருகம் மிரண்டு கதவாண்ட வந்துச்சு."

"அவரு கைவச்சது நெசந்தான் சார். ஆனா அதுக்கு முன்னாலயே அவ கதவுக்கிட்ட வந்தாச்சு. ஏப்ரல்லயே வந்தாச்சு."

"அந்த அன்பரசன் என்ன பண்ணியிருக்கான் தெரியுமா? உங்க மேலதான் கம்ப்ளெய்ன்ட் குடுத்திருக்கான். கர்ப்பிணியை அடுப்புக்குள்ள வெச்ச மாதிரி அடைச்சு வெச்சீங்கன்னு. அவனக் காப்பாத்தறீங்க நீங்க."

இது தேவசுந்தரத்துக்குப் புதுச் செய்தி. தன் மார்பில் அழுத்தியிருந்த அந்தக் கைகளை நினைத்தார். பயந்தவன் வெட்கத்தை எங்காவது இறக்கிவைத்தாக வேண்டும். அவருக்கு அது புரிந்தது, ஆனாலும் வலித்தது. காகிதத்தை மடித்து ரெங்கராஜின் கையிலேயே கொடுத்தார்.

"ஒரு தடவ தெரிஞ்சே வாயப் பொத்திட்டு நின்னவன் சார் நான். அது போதும்."

ரெங்கராஜ் காகிதத்தைப் பையில் வைத்தார். "விசாரணைக்கு அரசாங்கத்துலேந்து வராங்க. உங்க வார்த்தைக்கு ஆதாரம் கேப்பாங்க. ஒட்டியேனோ ரிப்போர்ட் ஆஃபீஸ் ஃபைல்ல இல்ல. நான் சொல்றதச் சொல்லிட்டேன்" என்று போனார்.

மூன்று வாரம் டியூட்டி கொடுக்கவில்லை. தங்கபுஷ்பம் தினமும் போனில், "வீட்டுக்கு வந்திருங்க, கை ஒண்ணு போதும் ஒங்களுக்கு" என்றாள். மணிகண்டன் ஒரு நாள் சாயந்தரம் வந்து கட்டிலின் நுனியில் உட்கார்ந்தான். "மலாய்க்காவ என்ன செய்வாங்க அண்ணாச்சி?" என்று கேட்டான்.

"நீயே போய் ஒட்டியேனோகிட்ட கேளு."

போகவில்லை. மறுவாரம் ஊருக்குப் போய்விட்டான், யாரிடமும் சொல்லாமல்.

விசாரணை நாளில் அதிகாரிகள் இருவர், மொழிபெயர்க்க ஒருவர். ரெங்கராஜ் அன்பரசனின் புகாரை வாசித்துவிட்டு, அவன் ஜன்னலைத் திறக்கப் பார்த்ததால்தான் சிங்கம் கதவுக்கு வந்தது என்றார். ஒட்டியேனோ கதவின் பெயின்ட்டில் கண்ட கோடுகளைப் பற்றிச் சொன்னான். அவை அன்றைக்கே விழுந்தவையாக இருக்கலாமே என்று கேட்டார்கள். அப்போது கதவு திறந்து சந்தியா உள்ளே வந்தாள், வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி, தனியாக. கூப்பிடாமல் வந்திருந்தாள்.

ஏழாம் மாதத்திலிருந்து குழந்தை அசைகிற நேரத்தையெல்லாம் குறித்துவைக்கச் சொல்லியிருந்தார் அவளுடைய டாக்டர். அதைத்தான் அவள் அன்று பேருந்தில் போனில் தட்டிக்கொண்டிருந்தாள். போனை மேசைமேல் வைத்தாள். பதினொன்று நாற்பத்தொன்று, வண்டி நின்றது. ஐம்பத்துமூன்று, அசைவு. ஐம்பத்தெட்டு, சிங்கம் கதவில். பன்னிரண்டு ஆறு, அசைவு. பன்னிரண்டு பதினொன்று, அசைவு இல்லை, தலை சுற்றுகிறது.

"என் வீட்டுக்காரர் ஜன்னல்ல கைவெச்சது இதுக்கப்புறம்" என்றாள். "சிங்கம் வந்து கால் மணி நேரம் கழிச்சு. அவர் எழுதினது தப்பு. அவருக்கும் தெரியும். இவர் திறக்க விட்டிருந்தா நான் இங்க நின்னு பேசிட்டு இருக்க மாட்டேன்."

தேவசுந்தரத்தை அவள் பார்க்கவில்லை. அவரும் தலையைக் குனிந்துகொண்டார். கண் கலங்கியதை அந்த அறையில் காட்ட அவருக்கு விருப்பமில்லை.

ஜீப்பில் வந்த விருந்தினர்கள் இணையத்தில் போட்டிருந்த வீடியோக்களை அதிகாரிகள் தேடி எடுத்தார்கள். அவற்றில் மணிகண்டனின் கையும் கோழித் துண்டும் தெளிவாகத் தெரிந்தன. சிங்கப் பிரிவு மூடப்பட்டது. ரெங்கராஜை வேறு எங்கோ மாற்றினார்கள். தேவசுந்தரத்துக்கு வேலை மிஞ்சியது. ஒற்றைக் கையால் திருப்பக்கூடிய சின்ன வண்டி, ஒட்டகச்சிவிங்கிப் பக்கம்.

மலாய்க்காவை மனிதர்கள் வராத ஒரு சிமென்ட் அறையில் வைத்திருந்தார்கள். எங்கே என்று யாரும் சொல்லவில்லை. செப்டம்பரில் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குக் கிளம்பிய அன்று ஒட்டியேனோ சொன்னான். "சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அறைக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்தே இருந்தாள். போன வாரம் முடிந்தது." தேவசுந்தரம் அவன் பெட்டியை ஒற்றைக் கையால் தூக்கி வண்டியில் வைத்தார்.

ஜனவரியில் சிங்கப் பிரிவைத் திரும்பத் திறந்தார்கள். புது வண்டி, புது மேலாளர். வண்டி ஓட்ட ஓர் இளைஞன், பேச தேவசுந்தரம். வேண்டாம் என்று சொல்லிவிடும்படி தங்கபுஷ்பம் சொன்னாள். அவர் போனார். கிளம்புவதற்கு முன் புது மேலாளர் ஒரு பட்டியலைக் கொடுத்தார். பயணிகள் கேட்கக்கூடிய கேள்விகளும் அதற்குரிய பதில்களும். இங்கே விபத்து நடந்திருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்று சொல்ல வேண்டும்.

முதல் நடையிலேயே, முதல் கேட் பின்னால் மூடியதும், மூன்றாவது வரிசையிலிருந்து ஒருவர் சிரித்துக்கொண்டே அதைத்தான் கேட்டார்.

தேவசுந்தரம் மைக்கை வாயருகே கொண்டுபோனார். முன்னால் இரண்டாவது கேட் இன்னும் திறக்கவில்லை.

"நடந்திருக்கு" என்றார். டிரைவரிடம் வண்டியை அங்கேயே நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டு, பயணிகள் பக்கம் திரும்பி நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். சிரித்தவர் தன் மகளின் கையைப் பிடித்து ஜன்னல் கண்ணாடியிலிருந்து தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.